கதை அனுப்பும் முன் ஆசிரியரின் விருப்புவெறுப்பைப் பார்க்க வேண்டுமா?

அரைப்புள்ளி:
ஒரு சிற்றிதழுக்குக் கதை அனுப்பலாம் என்று பழைய இதழ்களைப் புரட்டினேன். தலையங்கங்களில் ஆசிரியர் இலக்கியத்தைவிடத் தன்னைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறார். அதிகாலை நடை, கடவுள் நம்பிக்கை இல்லாதது, கைபேசி மேல் எரிச்சல், கடைசியில் யாராவது செத்துப்போகும் கதைகளைக் கண்டால் ஆகாது என்பதுவரை. என் கதையில் கடைசியில் ஒருவர் சாகிறார்! முடிவை மாற்றவா, இல்லை அது அவர் சொந்த விஷயம் என்று விட்டுவிடவா?

மெய்ப்பு:
மாற்றாதீர்கள். ஆனால் சொந்த விஷயம் என்றும் விட முடியாது, சிற்றிதழ் என்பதே ஒருவருடைய ரசனைக்கு அட்டை போட்டு அனுப்புவதுதானே. அமெரிக்காவில் மார்கரெட் ஆண்டர்சன் நடத்திய 'லிட்டில் ரிவ்யூ' சிற்றிதழ் தெரியுமா? தேறுகிற மாதிரி எதுவும் வரவில்லை என்று 1916 செப்டம்பர் இதழில் பல பக்கங்களை வெற்றாகவே விட்டுவிட்டார். நடுவில் கேலிச்சித்திரங்கள் வேறு: திருத்த எதுவும் இல்லாதபோது ஆசிரியர் என்ன செய்கிறார் என்று, பியானோவும் குதிரையுமாக. திமிர்தான். அதே திமிரில்தான் 1918 முதல் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசஸ்' நாவலைத் தொடராக வெளியிட்டு, 1921இல் ஆபாச வழக்கில் அபராதத்துக்கும் ஆளானார்.

ஓரக்குறிப்பு:
திமிர் உள்ளவர்களைப் பற்றித்தான் எப்போதும் கதை சொல்கிறோம். அவருக்கு முன்பே, 1912இல் 'பொயட்ரி' என்ற கவிதை இதழைத் தொடங்கிய ஹாரியட் மன்றோவைப் பாருங்கள். எந்தக் கோஷ்டிக்கும் கதவைச் சாத்த மாட்டோம் என்று அறிவித்துவிட்டு நடத்தியவர். டி.எஸ். எலியட்டின் ஆரம்பகாலக் கவிதை ஒன்று அவருக்குப் பிடிக்கவே இல்லை, கவிஞர் எஸ்ரா பவுண்ட் மாதக்கணக்கில் கடிதம் எழுதி நச்சரித்தார், கடைசியில் 1915 ஜூன் இதழின் பின்பக்கங்களில் போட்டார். முணுமுணுத்துக்கொண்டே போட்டார் என்றாலும் போட்டாரே. தனக்குப் பிடித்ததைப் போட யாராலும் முடியும்.

மெய்ப்பு:
ஒப்புக்கொள்கிறேன். 1959இல் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பாவும் அடிப்படையில் சிறுகதைக்காரர், ஆனால் அந்த இதழை இன்றும் நினைப்பது புதுக்கவிதைக்காகவும் விமரிசனத்துக்காகவும்தான்.

பழையபிரதி:
நான் ஒரு சின்ன இதழுக்கு வரும் கதைகளைப் படித்துச் சலித்தெடுக்கிறவன். ஒருமுறை எங்கள் ஆசிரியர் தலையங்கத்தில் மழை பிடிக்கும் என்று எழுதித் தொலைத்தார். அப்புறம் வந்த கதைகளில் பாதி மழையில்தான் தொடங்கின, ஜன்னல், ஈரமண், அம்மாவின் நினைவு எல்லாம் வரிசையாக. அவரே நொந்துபோய் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. தலையங்கத்தில் ஒருவர் காட்டிக்கொள்ளும் முகம் வேறு, கதையைக் கையில் எடுக்கும்போது இருக்கும் ஆள் வேறு. அவரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவர் வெளியிட்ட கதைகளைப் படியுங்கள். சாவு ஆகாது என்கிறவர் எத்தனை சாவுக் கதை போட்டிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

அரைப்புள்ளி:
எண்ணிவிட்டேன், மூன்று! கதை இப்படியே போகட்டும். கூடவே வைக்கும் கடிதத்தில் என்ன எழுதுவது?

பழையபிரதி:
பெயர், தொடர்பு விவரம், வேறெங்கும் வெளியாகவில்லை என்று ஒரு வரி. தலையங்கத்தைப் பாராட்டி மட்டும் எழுதிவிடாதீர்கள் சாமி.