தம்பிக்கு வந்தது பக்கவாதம் இல்லை, பிஎம்எல் என்ற மூளை நோய் என்கிறார்கள். யாருக்காவது அனுபவம் இருக்கிறதா?

வைகைக்கரை:
வணக்கம். என் தம்பிக்கு 41 வயது. ஒன்பது வருடமாக எச்ஐவி இருக்கிறது, அதைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரை ஒழுங்காகத்தான் எடுத்துக்கொண்டிருந்தான். வேலை மாறி வேறு ஊருக்குப் போன பிறகு மாத்திரையை விட்டிருக்கிறான், அதுவும் ஒன்றரை வருடம், எங்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

போன மாதம் ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில்தான் எனக்கு முதலில் உறைத்தது. இலையில் வலது பக்கம் இருந்ததை எல்லாம் சாப்பிட்டுவிட்டு, இடது பக்கம் வைத்த பொரியலும் இனிப்பும் அப்படியே கிடக்க, "எனக்குப் பொரியலே வைக்கலையேக்கா" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். அடுத்த வாரம் இடது கையில் பிடிமானம் போய்விட்டது, கைலியை இறுக்கிக் கட்ட முடியவில்லை. காய்ச்சல், தலைவலி எதுவும் கிடையாது. முதலில் காட்டிய இடத்தில் பக்கவாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள், மூன்று வாரம் வீணாகப் போனது. நாளுக்கு நாள் மோசமானதால் வேறு இடத்துக்குக் கூட்டிப்போய் எம்ஆர்ஐ எடுத்தோம், பிஎம்எல் ஆக இருக்கலாம் என்கிறார்கள். எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை வெறும் 58. முதுகுத் தண்டில் நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், இந்த மூளை நோய் அவர்களுக்குத் தொற்றுமா? இதற்கு மருந்து உண்டா? தயவுசெய்து தெரிந்ததைச் சொல்லுங்கள்.

செவ்வரளி:
அக்கா, நான் ஒரு ஏஆர்டி மையத்தில் நர்ஸ். முதலில் பிள்ளைகள் விஷயம். பயப்படவே வேண்டாம். இதற்குக் காரணமான ஜேசி வைரஸ் பெரியவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஏற்கெனவே உடம்பில் இருப்பதுதான், பெரும்பாலும் சின்ன வயதிலேயே வந்து சிறுநீரகம் போன்ற இடங்களில் சும்மா படுத்துக் கிடக்கும். எனக்கும் இருக்கலாம், உங்களுக்கும் இருக்கலாம். எதிர்ப்பு சக்தி ரொம்பவும் இறங்கிப்போனவர்களுக்குத்தான் அது மூளைக்குப் போய் நோயாகிறது. தம்பிக்குத் தனித் தட்டு, தனி அறை எதுவும் தேவையில்லை, மடியில் பிள்ளைகளை வைத்துக்கொள்ளட்டும்.

மூளையில் நரம்பிழைகளைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது, மின்கம்பிக்கு மேல் ரப்பர் மாதிரி. அதை உருவாக்கிப் பராமரிக்கும் செல்களை இந்த வைரஸ் அழித்துவிடும். எந்த இடத்தில் அழிகிறதோ அதைப் பொறுத்துப் பார்வை, பேச்சு, கை கால் என்று மாறும். தம்பிக்கு இடது பக்கம் இருப்பதே கண்ணில் படவில்லை, அதனால்தான் பொரியல் வைக்கவில்லை என்றிருக்கிறார். பக்கவாதம் பெரும்பாலும் ஒரே நொடியில் தாக்கும், இது நாள் கணக்கில், வாரக் கணக்கில் ஏறும். எச்ஐவி இருப்பவருக்குக் கை மெல்ல மெல்ல விழுந்தால் உடனே எம்ஆர்ஐ பார்த்திருக்க வேண்டும், அந்த மூன்று வாரத்தை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது.

முதுகில் எடுத்த நீரில் வைரஸ் இருக்கிறதா என்று பிசிஆர் சோதனையில் பார்ப்பார்கள். இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது, சந்தேகம் இருந்தால் திரும்ப எடுப்பார்கள்.

மருந்து பற்றி மறைக்காமல் சொல்கிறேன். ஜேசி வைரஸைக் கொல்ல என்று ஒரு மருந்து இன்றுவரை இல்லை. சைட்டராபின், சிடோஃபோவிர், மெஃப்ளோக்வின் எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் நிரூபணமாகவில்லை. தம்பிக்கு இருக்கும் ஒரே வழி அவருடைய சொந்த எதிர்ப்பு சக்தியைத் தூக்கி நிறுத்துவது, அதற்கு ஏஆர்டிதான். ஏஆர்டி வருவதற்கு முன் எச்ஐவியோடு இந்த நோய் வந்தவர்களில் பத்தில் ஒருவர்தான் ஒரு வருடம் தாண்டினார், வந்த பிறகு ஏறக்குறைய பாதிப்பேர் தாண்டுகிறார்கள். மாத்திரை அரசு மையத்தில் இலவசம், தாம்பரத்தில் 2004-லேயே ஆரம்பித்தது. ஒன்றரை வருடம் விட்டதை அங்கே ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள், வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் எச்ஐவி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எந்த மாத்திரை என்று முடிவு செய்ய அது அவசியம். திட்டுவார்களோ என்று பயந்துதான் பலர் திரும்ப வருவதே இல்லை. பக்கத்தில் மையம் எது என்று தெரியாவிட்டால் எச்ஐவி உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்கள்.

மல்லிகைப்பந்தல்:
என் வீட்டுக்காரருக்கு ஆறு வருடம் முன்னால் இதே நோய். உயிரோடு இருக்கிறார், பக்கத்து அறையில் தூங்குகிறார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றுக்கு மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள் அக்கா. மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது வாரம் இவருக்கு இன்னும் மோசமாகிவிட்டது, பேச்சு குழறியது. மாத்திரைதான் கெடுத்துவிட்டது, நிறுத்திவிடலாம் என்று மாமியார் அழுதார். டாக்டர்தான் உட்கார வைத்துச் சொன்னார், திரும்பி எழுந்த எதிர்ப்பு சக்தி மூளைக்குள் வைரஸோடு மோதும்போது வீக்கம் வரும், அதற்கு ஐரிஸ் என்று பெயர். வீக்கம் அதிகமாக இருந்ததால் சில நாள் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். ஏஆர்டியை ஒரு நாள் கூட நிறுத்தவில்லை. உங்கள் தம்பிக்கு இப்படி ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், நேரே டாக்டரிடம் ஓடுங்கள்.

போன உறை முழுசாகத் திரும்பாது. இவருக்கு வலது கை இன்னும் பலவீனம்தான், சட்டைப் பொத்தான் நான்தான் போடுகிறேன். பிசியோதெரபியை விடவே இல்லை, இப்போது கடைத்தெரு வரை தனியாக நடக்கிறார்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். சாப்பாடு பாதி ஆனதும் தட்டை அரை வட்டம் திருப்பி வையுங்கள். குளிக்கும்போது கூட நில்லுங்கள், இடது பக்கம் சுவர் இருப்பது தெரியாமல் இடித்துக்கொள்வார்.

நொய்யல்:
எனக்கு எச்ஐவி இல்லை, மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ், அதாவது என் எதிர்ப்பு சக்தியே என் நரம்பு உறையைத் தாக்கும் நோய். அதை அடக்க நாட்டலிசுமாப் ஊசி போட்டுக்கொள்வதால் எனக்கும் இந்த பிஎம்எல் பயம் உண்டு, அதனால் எழுதுகிறேன். இந்த நோய் வந்ததால்தான் அந்த மருந்தை 2005-இல் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டு, 2006-இல் கட்டுப்பாடுகளோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஜேசி வைரஸ் ஆன்டிபாடி (வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் புரதம்) ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கிறேன். அளவு ஏறினால், அதுவும் ஊசி ஆரம்பித்து இரண்டு வருடம் தாண்டியிருந்தால், வேறு மருந்துக்கு மாற்றுவது பற்றிப் பேசுவார்கள். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். தம்பிக்காகப் பிரார்த்திக்கிறேன்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். நீர் பரிசோதனையில் ஜேசி வைரஸ் இருப்பது உறுதியாகிவிட்டது. திங்கட்கிழமை மையத்துக்குப் போனோம், விட்டதை அவனே சொன்னான், யாரும் திட்டவில்லை. அன்றைக்கே ரத்தம் எடுத்து மாத்திரையும் கொடுத்தார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு என் கையால் கொடுக்கிறேன்.

மல்லிகைப்பந்தல், நேற்று இட்லி பாதி சாப்பிட்டதும் தட்டைத் திருப்பி வைத்தேன். "சட்னி எப்பக்கா வச்சே?" என்று கேட்டுவிட்டு மிச்சம் இரண்டையும் சாப்பிட்டான்.