ஆன்லைன்ல ஏவாரம் பண்ற நம்ம குமரி மாவட்டத்துக்காரங்க, கஸ்டமர்கிட்ட பட்டத சொல்லுங்க

மார்த்தாண்டம் பக்கம், தேன் ஏவாரம்:

மக்கா, வாட்ஸப்பு, இன்ஸ்டா, கூகுள் மேப்புன்னு கடை போட்டவங்க நம்ம ஊர்ல நெறைய பேரு உண்டும், அவங்கவங்க அனுபவத்த எழுதுங்க, எனக்க கதைய நான் மொதல்ல சொல்லிடுதேன்.

அப்பா காலத்துலேருந்து எங்களுக்கு தேன்தான், ரப்பர் தோட்டத்துல பெட்டி வச்சு எடுக்கது. ரப்பர் இலை உதுந்து புதுக்கொழுந்து வரும்போ இலைக்காம்புல இனிப்பா ஒண்ணு ஊறும், ஈ அதத்தான் குடிக்கும், நம்ம ஊரு தேன்ல முக்காவாசி அந்த வகைதான். இது சீக்கிரம் உறைஞ்சுபோவும், குளிர் பட்டா கேக்கவே வேண்டாம். இங்க உள்ளவனுக்கு இது தெரியும், சென்னைக்காரனுக்கு எப்பிடி தெரியும்? மார்கழியில ஒரு ஆளு பாட்டில் அடியில வெள்ளையா கட்டி நிக்கத போட்டோ எடுத்து கூகுள்ல ஒத்த ஸ்டார் குடுத்து, சர்க்கரைப் பாகு காய்ச்சி ஊத்தி ஏமாத்துறாங்கன்னு எழுதிட்டாரு. எனக்க மச்சான் ஒருத்தன், நம்ம ஆளுகள வச்சு இருபது அஞ்சு ஸ்டார் போட்டு அத கீழ தள்ளிடலாம்லான்னான். வேண்டாம்னுட்டேன், பொய் ரிவ்யூவ கூகுள் கண்டுபிடிச்சா மொத்தமா தூக்கிரும், காசோ ஓசித் தேனோ குடுத்து ரிவ்யூ எழுத வைக்கதும் அவங்க விதிப்படி தப்புதான்.

அடுக்களையில ஒரு சட்டியில வெந்நி வச்சு, அதுல அதே மாதிரி உறைஞ்ச பாட்டில இறக்கி, அது பைய இளகுறத வெட்டாம ஒட்டாம ஒரே வீடியோவா எடுத்தேன். பாட்டு கீட்டு ஒண்ணும் சேக்கல்ல. நடுவுல அம்மா பொறத்தேருந்து, "லேய், மொதல்ல அடுப்ப அணை, கொதிக்க வச்சு தேன கெடுத்துப்போடாத"ன்னு சத்தம் போட்டது அப்பிடியே பதிஞ்சுபோச்சு. அதயும் வெட்டாம இன்ஸ்டாவுல போட்டேன், அந்த ரிவ்யூவுக்கு கீழ உறையுறது ஏன்னு நாலு வரி மரியாதையா எழுதினேன், எஃப்எஸ்எஸ்ஏஐங்குற உணவுப் பாதுகாப்பு லைசென்ஸோட பதினாலு இலக்க நம்பரயும் போட்டேன். அந்த ஆளு ஸ்டார மாத்தவே இல்ல, இன்னும் அங்கதான் கெடக்கு. ஆனா அதுக்குப் பொறவு ஃபோன் போட்டவங்கள்ல பாதிப்பேரு, ரிவ்யூல நீங்க எழுதினத வாசிச்சேன்னுதான் பேச்சயே தொடங்குனாங்க. சண்ட போடுறவன விட, பக்கத்துல நின்னு பேசாம பாக்கவன்தான் வாங்குறான், அவனுக்குத்தான் பதில் எழுதணும். அம்மாவ விசாரிச்சு இப்பவும் மெசேஜ் வருது, எனக்க பேரு ஒருத்தருக்கும் தெரியாது.

நாகர்கோவில், ஏத்தங்கா சிப்ஸ்:

வீடியோ கொள்ளாம். ஆனா அதப் பாத்துட்டு எல்லாரும் ரீல்ஸ் எடுக்க இறங்கிராதீங்க. எனக்க சிப்ஸ் ரீல், தேங்காண்ணெயில ஏத்தங்காய, அதான் நேந்திரங்காய, வட்டம் வட்டமா சீவி விழுற சத்தத்தோட போட்டது, லச்சக்கணக்குல ஓடிச்சு, ஹார்ட்டா வந்து குவிஞ்சுது, ஆர்டர் விரல் விட்டு எண்ணலாம். பாத்ததெல்லாம் துபாய்லயும் மஸ்கட்லயும் உக்காந்து ஊர நெனச்சு ஏங்குற நம்ம பயலுவ, அவனுக்கு நான் எங்க கொரியர் அனுப்ப? பொறவு ஒரு சின்னக் காரியம் செஞ்சேன், விலை கேக்க இன்பாக்ஸுக்கு வாங்கன்னு எழுதுறத நிறுத்திட்டு போட்டோ மேலயே கால் கிலோ, அரை கிலோ, கொரியர் சேத்து இவ்வளவுன்னு போட்டேன். விலை கேட்டுட்டு காணாமப் போற கூட்டம் பாதியா கொறஞ்சுது, மிச்சம் வந்தவன் வாங்கத்தான் வந்தான்.

லோகோ, டெய்லி போஸ்டர், இனிய காலை வணக்கம்னு மாசாமாசம் காசு கேட்டு ஒரு ஏஜென்சி வந்துது எங்கிட்டயும். காலை வணக்கம் பாத்து எவனும் சிப்ஸ் வாங்கினதா நான் கேள்விப்படல்ல.

கன்னியாகுமரி, ரூம் வாடகைக்கு விடுறேன்:

எனக்கு ஓடுறது வாட்ஸப் ஸ்டேட்டஸ்தான் அண்ணே. 2024 டிசம்பர் கடைசியில வள்ளுவர் செலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவுல கண்ணாடிப் பாலம் தொறந்த பொறவு எல்லாருக்கும் ஒரே கேள்வி, இன்னைக்கு போட் ஓடுதா? கடல் கொந்தளிச்சாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலும் போட்ட நிறுத்திருவாங்க, ராத்திரி முழுக்க பஸ்ல வந்தவன் கரையில நின்னு பாத்துட்டு திரும்புறது பாவமில்லியா. அதனால காலம்பற டீ குடிக்கப் போகும்போ படகுத்துறை வரை நடந்து, ஓடுது, ஓடல்ல, கியூ எங்க வரை நிக்குன்னு ஒரு போட்டோவோட போட்டுருவேன். ரூம்ப பத்தி ஒரு வார்த்த கெடையாது. எங்கிட்ட தங்காத ஆளுங்களும் நம்பர சேவ் பண்ணி வச்சுருக்காங்க, அவங்க வீட்ல அடுத்தது யாராவது ஊருக்கு வரும்போ மொதல் ஃபோன் எனக்கு.

ஜன்னல்ல சன்ரைஸ் தெரியுமான்னு கேப்பாங்க, எங்க ரூம்ல தெரியாது, மொட்டமாடிக்கு போகணும்னு நேரா சொல்லிருவேன். நாலு புக்கிங் போகும், போகட்டும். வந்து எறங்கி நின்னு சண்ட போடுறதுக்கு அது மேல்.

திருவட்டாறு, மட்டிப்பழம்:

ஒரு காரியம் சொல்லுதேன். மட்டிங்குற நம்ம ஊரு வாழப்பழத்துக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சதும் கண்டவனெல்லாம் அந்த முத்திரைய போஸ்டர்ல ஒட்டிக்கிடுதான். முத்திரை வேணும்னா தனியா அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா பேரு பதியணும், சட்டம் அப்பிடித்தான். பதியாம போட்டு விளம்பரம் பண்ணிட்டு பொறவு நோட்டீஸ் வந்தா சங்கடம். பழம் தோல் மெலிசு, ரெண்டு நாள் கொரியர்ல கறுத்துப்போவும், நான் கொஞ்சம் முன்னாலயே வெட்டி அனுப்புதேன், எந்த நாள் பழுக்கும், எப்ப திங்கணும்னு ஆர்டர் பண்ணவங்களுக்கு மெசேஜ் போட்டுருவேன். மெசேஜ் போட மறந்த பார்சலுக்குத்தான் கம்ப்ளெயின்ட் வரும்.

நாகர்கோவில், ஏத்தங்கா சிப்ஸ்:

தேன்காரரே, ஒரே மெசேஜ நெறைய பேருக்கு ஒண்ணா அனுப்புற வாட்ஸப் பிராட்காஸ்ட்ல ஓணத்துக்கு ஆஃபர் அனுப்பினேன், பாதிப்பேருக்கு போகவே இல்ல. ஏன்?

மார்த்தாண்டம் பக்கம், தேன் ஏவாரம்:

அவங்க ஃபோன்ல உங்க நம்பர் சேவ் இருந்தாத்தான் பிராட்காஸ்ட் போகும், ஒரு லிஸ்ட்ல 256 பேருதான். ரூம்காரரு ஸ்டேட்டஸுக்கும் அதேதான், ரெண்டு பக்கமும் நம்பர் சேவ் இருக்கணும், அவருக்கு படகு சேதிதான் நம்பர சேவ் பண்ண வைக்குது. நான் பார்சல்ல ஒரு துண்டுச்சீட்டு வைக்கேன், "புது தேன் வந்ததும் மொதல்ல உங்களுக்கு சொல்ல நம்பர சேவ் பண்ணிட்டு ஒரு ஹாய் போடுங்க"ன்னு, கூட வாட்ஸப் க்யூஆர். ஹாய் போட்டவங்கள மட்டும் லிஸ்ட்ல சேக்கேன். சீட்ட சிப்ஸ் பாக்கெட்டுக்குள்ள போட்டுராதீங்க, எண்ணெய் இறங்கி க்யூஆர் ஸ்கேன் ஆவாது, வெளிய ஒட்டுங்க.