370-லிருந்து 255: மஸில் கார் குதிரைகள் எங்கே போச்சு?

நாலுபேரல்:
மஸில் கார்னா பெரிய இன்ஜின் போட்ட அமெரிக்க வேகக் கார். அதுங்களோட பவர் 1970-களில் ஏன் விழுந்ததுன்னு பார்க்க, செவர்லே கார்வெட்டில் வந்த எல்டி-1 இன்ஜினை எடுத்துக்குங்க. 350 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்). 1970-ல் 370 குதிரைத்திறன், 1972-ல் 255. ரெண்டே வருஷத்தில் 115 காலி. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து கழுத்தை நெரிச்சதுக்கு வேற சாட்சி எதுக்கு?

டைனோதாசன்:
115-ஐயும் சட்டத்தின் தலையில் கட்டாதீங்க, நடுவில் 1971 இருக்கு. அந்த வருஷம் செவர்லேயின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் அதே இன்ஜினுக்கு ரெண்டு கணக்கும் கொடுத்தது: கிராஸ் 330, நெட் 275. கிராஸ்னா ஏர் கிளீனர், ஃபேன், காரோட சைலன்சர் எதுவும் இல்லாம, பவரை அளக்கிற டைனோ மெஷினில் ஓட்டி எடுத்த எண். நெட்னா காரில் உட்கார்ற மாதிரியே எல்லாம் மாட்டி எடுத்தது. 1972-லிருந்து நெட் மட்டும்தான். ஆக 55 போனது காகிதத்தில், ரோட்டில் இல்லை. நிஜமா குறைஞ்சது 1971-ல் 40, 1972-ல் 20.

நாலுபேரல்:
அந்த 40 எதனால? கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு அமுக்குறோம்ங்கிறது, 11-லிருந்து 9-க்கு இறங்கினதால. அதுவும் சட்டம் பண்ணின வேலைதானே?

டைனோதாசன்:
பெட்ரோலில் இருந்த ஈயம், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டரின் மேல் படிஞ்சு அதைச் செத்துப்போக வைக்கும். ஈயத்தை எடுத்தா ஆக்டேன் இறங்கும், அதாவது அதிக அமுக்கத்தில் பெட்ரோல் தானா வெடிச்சுத் தட்டும். அதுக்குத் தயாராகத்தான் 1971-லேயே கம்ப்ரஷனைக் குறைச்சாங்க, அது சரி. ஆனா 11-லிருந்து 9-க்கு வந்தா ஓட்டோ சுழற்சிக் (பெட்ரோல் இன்ஜினுக்கான அடிப்படை வெப்பக் கணக்கு) கணக்குப்படி சுமார் 5 சதவீதம்தான் இழப்பு. விளம்பரத்தில் குறைஞ்சது 11 சதவீதம். 370-லேயே கொஞ்சம் காத்து அடிச்சிருந்தாங்கன்னு என் சந்தேகம்.

நாலுபேரல்:
சரி, 1975? அடிப்படை கார்வெட் 165, அதுவும் நெட். இதுவும் காகிதமா?

டைனோதாசன்:
இல்லை, அது நிஜ அடி. 8.5 கம்ப்ரஷன், சாதுவான கேம் (வால்வுகளைத் திறக்கிற தண்டு), ரெண்டு பக்க எக்ஸாஸ்டையும் ஒரே கன்வர்ட்டருக்குள் திணிச்சாங்க. இன்சூரன்ஸ் கட்டணமும் எண்ணெய் நெருக்கடியும் வாங்குறவனை விரட்டினது தனி.

ஓ2சென்சார்:
ரெண்டு பேரும் திரும்பி வந்த கதையை விட்டுட்டீங்க. ஃபோர்டு மஸ்டாங் 5.0: 1982-ல் 157, 1987-ல் 225. அதே 302 கன அங்குலம், கன்வர்ட்டரும் அப்படியே இருக்கு. 1985-ல் ரோலர் கேம், 1986-ல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவச்சு பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்‌ஷன், 1987-ல் மாத்தின ஹெட் (சிலிண்டர் மேல் மூடி). மூணு வகை நச்சு வாயுவையும் ஒண்ணா சுத்தம் பண்ற மூவழி கன்வர்ட்டருக்குக் காத்து-பெட்ரோல் விகிதம் 14.7-ஐ ஒட்டியே நிக்கணும். சாதாரண கார்பரேட்டரால அது முடியாது. அதுக்காக வந்த சென்சாரும் கம்ப்யூட்டரும்தான் பவரையும் திருப்பித் தந்தது. 2014 கார்வெட்டில் கம்ப்ரஷன் 11.5, ஈயமில்லாத பெட்ரோலிலேயே. நேரடி இன்ஜெக்‌ஷன் சிலிண்டரைக் குளிர வைக்கும், நாக் சென்சார் தட்டல் கேட்டதும் டைமிங்கை (தீப்பொறி விழுற நேரம்) பின்னுக்கு இழுக்கும்.

நாலுபேரல்:
அப்போ 1975 350-ஐக் கம்ப்யூட்டர் இல்லாம எழுப்பவே முடியாதா?

டைனோதாசன்:
முடியும். 76 சிசி சேம்பர் (பெட்ரோல் எரியுற குழி) இருக்கிற ஹெட்டைக் கழட்டி 64 சிசி போட்டா 8.5 கம்ப்ரஷன் கிட்டத்தட்ட 9.6 ஆகும். வேக்குவம் அட்வான்ஸ் (லேசா ஓட்டும்போது தீப்பொறியை இன்னும் முன்னாடி தள்ளுறது) குழாயைக் கழட்டி அடைச்சிட்டு மொத்த டைமிங்கை 34 - 36 டிகிரியில் நிறுத்துங்க, அப்புறம் குழாயைத் திரும்ப மாட்டுங்க.

ஓ2சென்சார்:
எரிஞ்ச வாயுவில் கொஞ்சத்தைத் திரும்ப சிலிண்டருக்குள் விடுற ஈஜிஆர் வால்வை மட்டும் "அனாவசியம்"னு பிடுங்கிடாதீங்க. அது விடுற எரிஞ்ச வாயுவை நம்பித்தான் வேக்குவம் அட்வான்ஸை வச்சிருக்காங்க. அதை எடுத்தா பாதி ஆக்சிலேட்டரில் மேடு ஏறும்போது டிக்-டிக்னு தட்டும். எடுத்தே ஆகணும்னா வேக்குவம் கேன் தர்ற அட்வான்ஸையும் சேர்த்துக் குறைக்கணும்.