கிழக்குப் போர்முனைக்கு நல்ல கேம் ஒண்ணு சொல்லுங்களேன்

நண்பர்களே, ஒரு உதவி. ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மனி–சோவியத் சண்டையை நுணுக்கமா காட்டுற கம்ப்யூட்டர் கேம் தேடுறேன். சுட்டுத் தள்ளுற ரகம் வேண்டாம். சதுரங்கம் மாதிரி யோசிச்சு, மாறி மாறி நகர்த்துறதா இருக்கணும்.

'யூனிட்டி ஆஃப் கமாண்ட்' ஆடியாச்சு. 1942 நவம்பர்ல ஸ்டாலின்கிராட்ல ஜெர்மன் படையை சோவியத் படை வளைக்கிற கட்டத்துல, சப்ளை அறுந்ததும் டிவிஷன்கள் (பெரிய படைப்பிரிவுகள்) ஒவ்வொண்ணா சுருண்டதைப் பார்த்துத்தான் இந்தப் பைத்தியமே பிடிச்சது. ஆனா ஒவ்வொரு கட்டமும் சட்டுன்னு முடிஞ்சிடுது. எனக்கு ரயில் பாதை வரைக்கும் கணக்குல வரணும். சோவியத் தண்டவாளம் ஜெர்மன் தண்டவாளத்தைவிட அகலம். அதை மாத்திப் போட்டுக்கிட்டேதான் ஜெர்மன்காரங்க முன்னேற வேண்டியிருந்தது. (வீட்ல இதைச் சொன்னா எழுந்து போயிடறாங்க.)

'வார் இன் தி ஈஸ்ட் 2' கண்ணுல பட்டிருக்கு. மேப்ல ஒரு கட்டம் 10 மைல், ஒரு டர்ன் (ஒரு முறை நகர்த்துறது) ஒரு வாரம், மேனுவலே பல நூறு பக்கம். ஆசையாவும் இருக்கு, பயமாவும் இருக்கு. ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்கிறவனுக்கு அது சரிப்படுமா? இல்ல, நடுத்தரமா வேற ஏதாவது இருக்கா?

லேப்டாப் பழசு, 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஆடினவங்க சொல்லுங்க. தள்ளுபடி வர்ற வரைக்கும் காத்திருக்கவும் தயார்.