நகம் பச்சையாகிப் போச்சு, டாக்டர் கண் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்

வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். கை எந்நேரமும் ஈரத்தில்தான். போன ஐப்பசியில் வலது கட்டைவிரல் நகம் நுனியில் லேசாகத் தூக்கிக்கொண்டது. வலி இல்லாததால் விட்டுவிட்டேன். ரெண்டு வாரத்தில் அந்த இடம் தொட்டிப் பாசி மாதிரி கரும்பச்சை. மாமியார் மருதாணி வைத்து மறைக்கச் சொன்னார். மருந்துக்கடையில் பூஞ்சைக் களிம்பு கொடுத்தார்கள். மூன்று வாரம் தடவியும் பச்சை அப்படியே இருந்தது.

தோல் டாக்டர் பார்த்ததுமே, "இது சூடோமோனாஸ்ங்கிற பாக்டீரியாம்மா. அது விடுகிற நிறமிதான் இந்தப் பச்சை" என்றார். ஒட்டாமல் நின்ற நகத்தை முழுக்க வெட்டி எடுத்தார். அதை விட்டுவிட்டு மேலே எதைத் தடவினாலும் அடியில் இறங்காதாம். அப்புறம் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் கண் சொட்டு மருந்து, தினம் ரெண்டு வேளை நகத்தடியில். கடைக்காரர் "கண்ணுல என்னம்மா?" என்றார். விரலைக் காட்டினேன்! ஒரு பங்கு வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து விரலை ஊறவைத்து, நன்றாகத் துடைக்கவும் டாக்டர் சொன்னார். மாவில் கை வைக்கவே கூடாது என்றதால் வீட்டுக்காரர்தான் கரைத்தார். உப்பு கூடிவிட்டது என்று ரெண்டு வாடிக்கைகள் போயின. ஒரு மாதத்தில் புதுப் பச்சை நின்றது. நகம் முழுசாக வளர ஆறு மாதம் ஆனது.

*

எனக்கு வந்தது நகச்சுற்று. நகக்கண்ணில் தொங்கிய தோலைப் பல்லால் கடித்து இழுத்த வினை. பாட்டி எலுமிச்சம்பழத்தைக் குடைந்து தொப்பி மாதிரி மாட்டிவிட்டார். ராத்திரி முழுக்க விண்விண்ணென்று தெறித்தது. நானாக முப்பிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு வாங்கித் தடவினேன், பலனில்லை. ஏற்கெனவே சீழ் கட்டியிருந்தது. ஆரம்பத்திலேயே வெந்நீரில் முக்கி அந்தக் களிம்பைப் போட்டிருந்தால் அடங்கியிருக்கலாம், சீழ் வைத்தால் வடிக்கத்தான் வேண்டும் என்றார் டாக்டர். நகத்தோரத்தை மெல்லத் தூக்கியதும் குபுக்கென்று வந்தது. வலி அங்கேயே பாதி போய்விட்டது.

*

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. கால் பெருவிரல் நகத்தோரம் சிவந்ததும், கடையில் "எல்லாத்துக்கும் கேட்கும்" என்று ஒரு டியூப் கொடுத்தார்கள். ரெண்டே நாளில் சிவப்பு குறைந்தது, சந்தோஷப்பட்டோம். அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. மேலே அடங்கி உள்ளே பழுத்துவிட்டது. கடைசியில் ஆன்டிபயாடிக் மாத்திரை வரை போனோம். இப்போதெல்லாம் எந்த டியூப் வாங்கினாலும் அம்மா மூக்குக்கண்ணாடி போட்டு, குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு இருக்கிறதா என்று பொடி எழுத்தைத் தேடுகிறார்.