ஆஃப்ரோடு போக எந்த ஜிபிஎஸ் வாங்கலாம்? கொஞ்சம் அவசரம்ங்க

கோவை_புழுதி:
எல்லாருக்கும் வணக்கம்ங்ணா. பைக்ல ஆஃப்ரோடு ரைடுக்கு, அதான் தார் இல்லாத கரடுமுரடுப் பாதைக்கு, ஜிபிஎஸ் கருவி ஒண்ணு வாங்கோணும், கார்மின் கம்பெனிது நல்லாருக்குங்கறாங்க ஆனா வெலயப் பாத்தா தல சுத்துது, ஃப்ரெண்டு போன்லயே ஓட்டிக்கலாம்ங்கறான், யூட்யூப்ல பாத்தா பைக் அதிர்வுல போன் கேமரா போயிரும்ங்கறாங்க, எதுதான் நெசம்? வெள்ளிக்கிழமைக்குள்ள ஆர்டர் போட்டாத்தான் கைக்கு வரும், சீக்கிரம் சொல்லுங்க.

டயர்_பஞ்சர்:
என்ன பைக்? எங்க போறீங்க? பட்ஜெட் எவ்ளோ? தனியாவா குரூப்பா? இதெல்லாம் சொல்லாம ஜிபிஎஸ் சொல்லுன்னா எப்படி ப்ரோ

ரெண்டுசக்கரன்:
கார்மின்லயே பைக்குக்குன்னு வர்ற ஜூமோ எக்ஸ்டி வாங்குங்க, வேற யோசனையே வேணாம். 5.5 இஞ்ச் ஸ்க்ரீன், உச்சி வெயில்லயும் தெளிவாத் தெரியும், மழைல நனஞ்சாலும் ஒண்ணும் ஆகாது, க்ளவுஸ் போட்டுக்கிட்டே தொடலாம். போன்ல மழைத்துளி விழுந்தா மேப் அது பாட்டுக்கு எங்கயோ நகரும். காசு போனாப் போகுது.

சிக்னல்_சிங்காரம்:
நாவிக் சப்போர்ட் இருக்குற போன் வாங்குங்க, ஜிபிஎஸ் மாதிரியே எடம் காட்டுற நம்ம நாட்டு சாட்டிலைட், மலைல அதுதான் துல்லியம்.

டயர்_பஞ்சர்:
@சிக்னல்_சிங்காரம் அதுல பாதி சாட்டிலைட்டோட அணுக் கடிகாரமே பழுதாகிக் கெடக்கு. நாவிக்க மட்டும் நம்பி வாங்காதீங்க, சாட்டிலைட் அனுப்புற எல்1, எல்5ங்கற ரெண்டு அலைவரிசையும் எடுக்குற போனான்னு பாருங்க. ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறை இருந்தா சிக்னல் மோதித் திரும்பி வந்து நம்மள ஆத்துக்குள்ள நிக்கிற மாதிரி காட்டும், எல்5 இருந்தா அது கொறையும்.

கோவை_புழுதி:
இமாச்சல்ல ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குங்ணா. பைக் எக்ஸ்பல்ஸ் 200.

புல்லட்_அண்ணாச்சி:
ஸ்பிட்டிக்கா ஜிபிஎஸ்ஸு? தம்பி, அங்க இருக்கதே ஒத்த ரோடு. க்ராம்ஃபூல பிரிஞ்சா சத்ரு, பாத்தல், குன்சும் லா கணவாய், லோசர், காசா. நீரே நெனச்சாலும் வழி தப்ப முடியாது. நாங்கள்லாம் டீக்கடைல கேட்டுக் கேட்டுத்தாம்வே 4,551 மீட்டர் ஏறி இறங்குனோம். இப்ப உள்ள பயலுவளுக்கு பாத்ரூம் போவக்கூட மேப்பு வேணும். வழியில ரோட்டுக்குக் குறுக்க ஓடுத நாலாவுல, அதான் ஓடையில, மதியத்துக்கு மேல பனி உருகி தண்ணி ஏறும், அத எந்த கார்மின் சொல்லும்? வெள்ளன கெளம்பணும், அதான் ஜிபிஎஸ்ஸு.

மண்வாசம்:
அண்ணாச்சி சொல்ற தண்ணி விஷயம் நூத்துக்கு நூறு சரி. ஆனா ஒத்த ரோடுன்னு எல்லாத்தையும் முடிச்சிரக் கூடாது. காசாவுக்கு மேல கிப்பர், லாங்சா, ஹிக்கிம், கோமிக்னு பிரியுற எடத்துல, பின்ங்கற பள்ளத்தாக்குக்குப் போறப்ப, எவ்ளோ தூரம் பாக்கி, இருட்டுறதுக்குள்ள போயிருவோமான்னு தெரியணும்ல.

@கோவை_புழுதி அந்தக் கேமரா விஷயம் புரளி இல்ல. பெரிய இஞ்சின் பைக் அதிர்வு கேமராவுல படம் ஆடாமப் பாத்துக்கற ஸ்டெபிலைசேஷனக் கெடுக்கும்னு ஆப்பிளே 2021ல சொல்லிருச்சு. உங்க கையில இருக்குற நல்ல போன ஹேண்டில்ல மாட்டாதீங்க. வீட்ல பழைய ஆண்ட்ராய்டு எதாவது கெடந்தா அத மாட்டுங்க, கேமரா போனாப் போகட்டும். நெட் இல்லாம ஓடுற மேப் ஆப், ஆர்கானிக் மேப்ஸோ ஆஸ்மாண்டோ, போட்டு இமாச்சல் மேப்ப ஊர்லயே எறக்கிருங்க, சிம்மே வேணாம், ஜிபிஎஸ்க்கு நெட் தேவையில்ல. கையில இருக்குற நல்ல போன் பையில பத்திரமா இருக்கட்டும், விழுந்து கிழுந்தா அதுதான் கூப்பிட.

இன்னொண்ணு, யாராச்சும் வழியப் பதிஞ்ச ஜிபிஎக்ஸ் ஃபைல் குடுத்தா அது ட்ராக்கா ரூட்டான்னு பாருங்க. ட்ராக்னா அவங்க போன கோடு அப்படியே இருக்கும். ரூட்னா நடுவுல சில புள்ளிதான், மிச்சத்த கருவி தானா கணக்குப் போட்டு உங்கள தார் ரோட்டுக்கே இழுத்துட்டுப் போயிரும். ஜூமோ வாங்கிட்டு புலம்புறவங்கள்ல பாதிப் பேரோட பிரச்சனை இதுதான்.

ரெண்டுசக்கரன்:
பழைய போன் வெயில்ல சூடாகி ஸ்க்ரீன் மங்கி அணைஞ்சிரும். எனக்கு ராஜஸ்தான்ல ஆச்சு.

மண்வாசம்:
ராஜஸ்தான் வெயிலும் ஸ்பிட்டி குளிரும் ஒண்ணா தல. அங்க பேட்டரிதான் சீக்கிரம் எறங்கும். பைக் யூஎஸ்பி போதுமான கரண்ட் குடுக்குதான்னு உள்ளூர்லயே ஃபுல் வெளிச்சம் வெச்சு ஓட்டிப் பாருங்க, சில சார்ஜர்ல ஏறுறத விட எறங்குறது அதிகம்.

லைன்மேன்:
கார்மினோட இன்ரீச் சாட்டிலைட் மெசேஜ் கருவி வாங்கிக்கலாமே, ஆபத்துன்னா எஸ்ஓஎஸ் அனுப்பலாம்.

டயர்_பஞ்சர்:
தயவு செஞ்சு வேணாம்!! லைசன்ஸ் இல்லாம சாட்டிலைட் மெசேஜ் கருவி இங்க வெச்சிருக்கவே கூடாது, 1933 வயர்லெஸ் சட்டத்துல இருந்தே அப்படித்தான். கோவா ஏர்போர்ட்ல வெளிநாட்டுக்காரங்களையே புடிச்சிருக்காங்க. மெசேஜ் அனுப்பாம எடத்த மட்டும் காட்டுற சாதா ஜிபிஎஸ், கார்மின் ஈட்ரெக்ஸ் மாதிரின்னா பரவால்ல.

சிக்னல்_சிங்காரம்:
ப்ரீபெய்டு சிம் அங்க எடுக்காது, போஸ்ட்பெய்டு வாங்கிருங்க.

மண்வாசம்:
அது லடாக், ஜம்மு காஷ்மீர். ஸ்பிட்டி இமாச்சல்ங்க, ப்ரீபெய்டே எடுக்கும், டவர் இருக்குற எடத்துல.

காட்டுவழி_கதிர்:
போறதுக்கு முன்னாடி வால்பாறைப் பக்கம் காட்டுப் பாதைல ஒரு ட்ராக் ஓட்டிப் பழகிக்கங்க, ஜிபிஎக்ஸ் என்கிட்ட இருக்கு, அனுப்பறேன்.

நீலகிரி_பனி:
அது ஆனைமலை புலிகள் காப்பகம்ங்க. அனுமதி இல்லாம உள்ள போனா 1972 வனவுயிர் சட்டம் பாயும், வண்டியையும் எடுத்துட்டுப் போவாங்க. இந்த மாதிரி ஃபைல பொதுவுல பகிராதீங்க.

காட்டுவழி_கதிர்:
யார் வேணா வரையுற ஓபன் ஸ்ட்ரீட் மேப்லயே அந்தப் பாதை இருக்கே? பூட்டுன கேட்டு ஒண்ணும் இல்ல.

நீலகிரி_பனி:
மேப்ல கோடு இருந்தாப் போகலாம்னு அர்த்தமா? யானைத் தடத்தையும் எவனாச்சும் சாட்டிலைட் படத்தப் பாத்து வரைஞ்சு வெச்சிருப்பான்.

காட்டுவழி_கதிர்:
எஸ்டேட்காரன் ஜீப்பு டெய்லி போகுது, அவனக் கேளுங்க மொதல்ல. பைக்காரன்தான் எளக்காரம்.

புல்லட்_அண்ணாச்சி:
ரெண்டு பேரும் சண்டய ஓரமா வச்சுக்கிடுங்க. கேள்வி கேட்ட பய எங்கவே?

டயர்_பஞ்சர்:
வெள்ளிக்கிழமையே போயிருச்சு அண்ணாச்சி. @கோவை_புழுதி என்ன வாங்குனீங்க?

கோவை_புழுதி:
சாரிங்ணா, லீவு கெடச்சதும் கெளம்பிட்டேன், இப்பதான் வந்து பாக்கறேன். ஒண்ணும் வாங்கலைங்க, அக்காவோட பழைய போனும் ஆர்கானிக் மேப்ஸும் வெச்சு ஓட்டியாச்சு, நல்லா இருந்துச்சு. பாத்தல் தாண்டி அதிர்வுல சார்ஜர் வயர் மட்டும் அடிக்கடி கழண்டுச்சு. எல்லாருக்கும் நன்றிங்க.

ரெண்டுசக்கரன்:
எந்த மவுண்ட் போட்டீங்க? வயர் நேரா குத்துற பின்னா, எல் வடிவமா?

ரெண்டுசக்கரன்:
ப்ரோ??