கிரியாட்டினின் 1.0, ஆனால் ஏசிஆர் 74: கிட்னியில் பாதிப்பா?

ஆர்கேபுரம்வாசி:
அப்பாவுக்கு வயது 61, சுகர் இல்லை, பிபி 158/82. டெல்லி லேப் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்றும் கழிவு) 1.0, யூரின் ஏசிஆர் (சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம்) 74. சாதாரண யூரின் டெஸ்டில் ஆல்புமின் 'நில்'. ரத்தக்குழாய் விறைப்பு டெஸ்டில் (பல்ஸ் வேவ், அதாவது துடிப்பலை ஓடும் வேகம்) நொடிக்கு 14.8 மீட்டர். 10 தாண்டினாலே ஆபத்து என்கிறார்களே, எதை நம்புவது?

லேப்மேசை:
கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டித்தானே எடுத்தார்கள்? அந்த முறைக்கு வரம்பு 10 அல்ல, அதைவிடக் கூடுதல். நீங்கள் சொல்லும் 10, கழுத்திலும் தொடை இடுக்கிலும் நாடி பார்த்து எடுப்பதற்கு. அன்றைக்கு பிபி ஏறியிருந்தால் இந்த வேகமும் கூடுதலாகத்தான் காட்டும். எனக்கு உறுத்துவது 158-க்கும் 82-க்கும் உள்ள இடைவெளி: 76. இந்த வயதில் 60-ஐத் தாண்டினால் பெருந்தமனி விறைத்திருக்கிறது என்று பொருள். இதற்குத் தனி டெஸ்டே வேண்டாம்.

'நில்'லை நம்பாதீர்கள். ஆல்புமின் கொஞ்சமாகக் கசிந்தால் சாதாரண யூரின் டெஸ்டில் தெரியாது. ஏசிஆர் 30 வரை சரி, 30–300 ஆரம்பக் கசிவு. காலை முதல் சிறுநீரில் மறுபடி பாருங்கள். 3 முதல் 6 மாதத்துக்குள் 3 முறை எடுத்து 2 முறை கூடுதலாக வந்தால்தான் உறுதி. காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன், முந்தின நாள் கடும் உடற்பயிற்சி இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

டயாலிசிஸ்வார்டு:
இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு கிட்னிக்குப் போகிறது. விறைத்த தமனி துடிப்பைத் தாங்கிக்கொள்ளாது. அந்த அடி நேராக வடிகட்டியில் விழுந்து ஆல்புமின் கசிகிறது. வடிகட்டும் திறன் பாதி போகும்வரைகூட கிரியாட்டினின் சும்மா இருக்கும். அப்பாவுக்கு ஈஜிஎஃப்ஆர் (கிரியாட்டினினை வைத்துக் கணக்கிடும் வடிகட்டும் திறன்) சுமார் 86 வரும். திறன் குறையவில்லை, கசிவு மட்டும்தான்.

கசிவு உறுதியானால் டாக்டர் டெல்மிசார்டன் அல்லது ராமிப்ரில் என்ற பிபி மாத்திரை தருவார். ஏதாவது ஒன்றுதான், இரண்டும் சேரக்கூடாது. தொடங்கி 2 வாரத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் பாருங்கள். கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்த்ததுதான். பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் நிறையப் பேர் செய்யும் தப்பு. வாந்தி பேதி என்றால் மட்டும், தற்காலிகமாக நிறுத்தலாமா என்று அன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவதும் கூடாது.

ஆர்கேபுரம்வாசி:
லோ சோடியம் உப்பு, இந்துப்பு?

டயாலிசிஸ்வார்டு:
லோ சோடியத்தில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. டெல்மிசார்டனோடு சேர்ந்தால் பொட்டாசியம் ஏறலாம். இந்துப்பும் சோடியம்தான். அப்பளம், ஊறுகாய் உட்பட நாளுக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன்.

லேப்மேசை:
டெல்லிக் குளிரில் பிபி ஏறும், மே வெயிலில் இறங்கும். ஜனவரியில் கூட்டிய டோஸ் கோடையில் தலைசுற்ற வைக்கும். வீட்டில் 5 நிமிடம் உட்கார்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து எழுதிவையுங்கள்.